எட்டாவது பாட்டில் ஒரு தப்பு

கோயம்புத்தூர்
18.11.2024

அன்புள்ள திலகாவுக்கு,

உன் முகவரி கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் பேப்பரை எடுத்து வைப்பதும், பேனாவை மூடிவிட்டு எழுந்து போவதுமாகவே இருந்தேன். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு இந்தக் கதி.

நான் சார்லஸ். சூசைபுரம் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு, பாடகர் குழுவை மேய்த்துக்கொண்டிருந்த அதே சார்லஸ். முகவரி கொடுத்தது நம்ம ஜெகபர் சாதிக். 1997ல் கேசட் போட நம்மையெல்லாம் வேனில் ஏற்றித் திருச்சிக்குக் கூட்டிப்போனாரே, அவர்தான். கீரனூரில் இன்னும் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறார். சூசைபுரத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் இன்றைக்கும் நம்ம ‘வைக்கோல் தொட்டில்’ கேசட்டைத்தான் போடுகிறாராம். வேறு எதைப் போட்டாலும் ஊர் விடுவதில்லையாம். 

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் மிச்சமிருந்த ஒரே கேசட்டை என் மகன் சந்தோஷ் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறான். கல்யாண வீடியோவுக்குப் பாட்டு, பேச்செல்லாம் ஒழுங்கு பண்ணுவது அவன் தொழில். எட்டுப் பாட்டும் ஏறி முடிந்ததும் நாடா இரண்டாக அறுந்துபோனது. நல்லவேளை, அதுவரை பொறுத்துக்கொண்டது. இரைச்சலை எடுத்துவிட்டான். இப்போது கேட்டால் நேற்றுப் பாடின மாதிரி இருக்கிறது.

அதோடு எட்டாவது பாட்டில் இருந்த அந்தத் தப்பையும் எடுக்கச் சொன்னேன். ‘மாடு முழிச்சிருக்கு, மேய்ப்பன் முழிச்சிருக்கான், மாதா மட்டும் தூங்கட்டும்’ என்று நீ பாடியதும் புல்லாங்குழல் வரவேண்டும். குழல் முடிந்த பிறகுதான் ‘சத்தம் போடாதீங்க’. நீ குழல் தொடங்கும்போதே ‘சத்தம்…’ என்று வந்துவிட்டு, பதறி நிறுத்தியிருப்பாய்; குழலும் தடுமாறி நின்று, மறுபடி தொடங்கி முடித்த பிறகுதான் பாடியிருப்பாய். எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் பாடிப் பதிகிற காலம் அது. அடுத்த குழு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. திருப்பிப் பாட நேரமில்லை. அப்படியே கேசட் வந்துவிட்டது.

இப்போது அந்தத் துண்டையே வெட்டியாயிற்று, ‘சத்தம்’ அங்கே இல்லை. குழல் நிம்மதியாக ஓடுகிறது. உன் குரலுக்கு இனி ஒரு குறையும் கிடையாது. கேசட் வெளியிட்ட அன்று மேடையில் நான் பேசின பேச்சுக்கு என்னால் ஆன பரிகாரம் இது. பென்டிரைவ் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். என் போன் நம்பரும் இருக்கிறது. கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்.

சார்லஸ்


விராலிமலை
27.11.2024

சார்லஸ் சாருக்கு,

லெட்டர் வந்துச்சு. பென்டிரைவும் வந்துச்சு. கேக்கல. கேக்க மாட்டேன்.

போன்லாம் பண்ண மாட்டேன். நீங்க பேச ஆரம்பிச்சா யாரையும் பேசவிட மாட்டீங்க, எனக்கும் அழுகை வந்துரும். எழுதுனா நடுவுல நிறுத்திக்கலாம்.

நான் இங்கிட்டு மலையடிவாரத்துல தேங்காய் பழக் கடை வச்சிருக்கேன். முருகனுக்கு அர்ச்சனைத் தட்டு விக்கிறேன். வீட்டுக்காரர் பேரு ரெங்கராஜ். கார்த்திகை மாசம், கூட்டம் தாங்கல. மக ரம்யாவுக்கு வளைகாப்புப் போட்டுக் கூட்டியாந்து வச்சிருக்கேன், கிறிஸ்துமசை ஒட்டிப் பேறுகாலம்னு சொல்லியிருக்காங்க. இதுக்கு நடுவுல ஒங்க பரிகாரம் ஒண்ணு.

தப்ப எடுத்துட்டீங்களா? ரொம்ப நல்லது. அப்படியே மொத்தப் பாட்டுலயும் என் குரலை எடுத்துட்டு வேற யாரையாச்சும் பாட வச்சுருங்க. அட்டையில என் பேரும் வேணாம்.

மேடையில பேசின பேச்சுன்னு ஒத்த வரியில முடிச்சுட்டீங்களே சார். என்ன பேசுனீங்கன்னு மறந்துபோச்சா? நான் சொல்லவா? ‘எட்டாவது பாட்டுல ஒரு எடத்துல நம்ம பாப்பா அவசரப்பட்டுருச்சு, சபையோர் பொறுத்துக்கணும்’னு கோயில் மைதானத்துல மைக்ல சொன்னீங்க. பங்குச் சாமியார் சிரிச்சாரு. ஊரே சிரிச்சுச்சு. எனக்கு இருபது வயசு. நாங்க வேற சாமி கும்புடுறவங்க, கோயிலுக்கு எதுத்த வீடுங்கிறதால பாட வந்த புள்ள நான். ‘இதுக்குத்தான் கண்ட எடத்துல பாடப் போகாதன்னேன்’னு எங்கப்பா எந்திரிச்சுப் போனாரு. நான் சேர்ல ஒக்காந்துக்கிட்டு அழக்கூட முடியாம சிரிச்ச மூஞ்சிய வச்சுக்கிட்டு இருந்தேன்.

பொண்ணு பாக்க வந்தவங்க பாடத் தெரியுமான்னாங்க. தெரியாதுன்னுட்டேன். இன்னைக்கு வரைக்கும் ரம்யாவுக்குத் தாலாட்டுக்கூடப் பாடுனதில்ல. டிசம்பர் மாசம் எங்கயாச்சும் ஸ்பீக்கர்ல கிறிஸ்துமஸ் பாட்டுக் கேட்டா, நம்ம கேசட்டா இருக்குமோன்னு காதப் பொத்திக்குவேன். அந்தப் பக்கமே போறதில்ல.

இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல எடமிருக்கான்னு ஒங்க மகனைக் கேளுங்க.

திலகவதி


கோயம்புத்தூர்
5.12.2024

திலகா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ‘சார்’ என்று எழுதியிருக்கிறாய். அண்ணே என்று கூப்பிட்ட பிள்ளை. அடிக்கிறதானால் இன்னும் நாலு சேர்த்து அடி, ‘சார்’ மட்டும் வேண்டாம்.

நான் முன்னால் எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, கெட்டிக்காரத்தனமாக விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

ஸ்டுடியோவில் உன்னிடம் என்ன சொல்லியிருந்தேன்? ‘தாளத்தை எண்ணாதே, யாரையும் பார்க்காதே, என் கையை மட்டும் பார். கை தூக்கினால் பாடு.’ அதுதானே? மூன்று மாதம் ஒத்திகையில் அப்படித்தான் பழக்கியிருந்தேன். எட்டாவது பாட்டில் குழல் ஆரம்பித்த நேரத்தில் ஒரு கொசு, சனியன், என் கழுத்தில் உட்கார்ந்தது. என்னை அறியாமல் கையைத் தூக்கி அடித்தேன். நீ பாடினாய்.

தப்பு உன்னுடையது இல்லை. என் கையுடையது. அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஸ்டுடியோவில் உன்னைத் திட்டினேன். தெரிந்துகொண்டேதான் மேடையில் உன் தலையில் கட்டினேன். சாமியார் முன்னால், ஊர் முன்னால், ‘வாத்தியார் கொசு அடித்ததில் பாட்டு கெட்டது’ என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சின்னப் பிள்ளை, பொறுத்துக்கொள்ளும், நாலு நாளில் மறந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து நீ ஒத்திகைக்கு வரவில்லை. கூப்பிடப் போகவும் எனக்கு முகமில்லை. ஜூன் மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

இது மன்னிப்பு கேட்கிற கடிதம் என்றால் கேட்டுக்கொள்கிறேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் தேதி எனக்கு வலது முட்டியில் ஆபரேஷன். கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வர முடியாது. புதுசாக்கிய பாட்டுகளை சாதிக்குக்கு அனுப்பிவிட்டேன், அவற்றைத்தான் போடுவார். சூசைபுரம் கிளைக் கோயில்தானே, சாமியார் மற்ற ஊர்களில் பூசை முடித்து வரக் காலை பதினோரு மணி ஆகும். பூசை முடிந்து சனம் வரிசையில் வந்து பாலன் இயேசு சுரூபத்தை முத்தமிட்டு முத்தி செய்யும்போது எட்டாவது பாட்டுப் போடுவாராம். முடிந்தால் ஒரு எட்டுப் போய்க் கேள். தப்பில்லாத உன் குரலை நீயே ஒரு தரம் கேட்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அண்ணன்,
சார்லஸ்


விராலிமலை
14.12.2024

அண்ணே,

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்கும். முருகன்கிட்டச் சொல்லி ஒரு தட்டு அர்ச்சனை பண்ணியிருக்கேன். சார்லஸ்னு பேரு சொன்னதும் குருக்கள் ஒரு மாதிரி பாத்தாரு, நட்சத்திரம் கேட்டாரு. தெரியலேன்னேன். முட்டிக்கு நட்சத்திரம் எதுக்குன்னு அவரே பண்ணிட்டாரு.

கொசு விசயம் எனக்கு அன்னைக்கே தெரியும்.

என்ன அண்ணே, கண்ண மூடிக்கிட்டா பாடுனேன்? ஒங்க கையத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். கை போச்சு, கழுத்துல பட்டுன்னு விழுந்துச்சு. அதுக்குள்ள என் வாயி ‘சத்தம்’னுருச்சு. அய்யய்யோன்னு நிறுத்துனேன். அப்பறம் நீங்க உள்ளங்கையில இருந்த ரத்தத்த வேட்டியில தொடச்சுக்கிட்டே என்னைய வையிறீங்க. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன்.

அப்ப ஏன் சொல்லலேன்னு கேப்பீங்க. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். வேன்ல திரும்பி வரையில சொல்லுவீங்கன்னு பாத்தேன். மேடையில மைக்க வாங்குனப்பக்கூட, இந்தா இப்பச் சொல்லப் போறாருன்னு நிமுந்து ஒக்காந்தேன். அப்பறந்தான் பாப்பா அவசரப்பட்டுருச்சுன்னீங்க. அதுதான் அண்ணே தாங்கல. பாட்டுல தப்பு வந்தது ஒரு பெரிய விசயமா?

சரி. இப்பவாச்சும் சொன்னீங்க. இருபத்தேழு வருசம் கழிச்சு ஒரு கொசுவுக்குப் பஞ்சாயத்து முடிஞ்சுச்சு. படிச்சதும் கோவம் வரும்னு நெனச்சேன். வரல. கல்லாப்பெட்டி முன்னாடி ஒக்காந்துக்கிட்டு மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கேன், தேங்காய் வாங்க வந்த அம்மா ‘சளியா’ங்குது.

ஆனா சூசைபுரத்துக்குப் போக மாட்டேன். அந்த மைதானத்த என்னால பாக்க முடியாது. தப்ப எடுத்தாச்சுல்ல, அதோட விடுங்க. ரம்யாவுக்குக் கால் வீங்கியிருக்கு. எனக்கு அந்தக் கவலதான் இப்ப.

திலகவதி


விராலிமலை
27.12.2024

அண்ணே,

ஒங்க போனு என்ன ஆச்சு? நானா கூப்புட மாட்டேன்னவ நாலு நாளா கூப்புட்டுக்கிட்டே கெடக்கேன். சுவிட்ச் ஆஃப். ஆஸ்பத்திரியிலேயே இருக்கீங்களா? ஒண்ணும் கோளாறு இல்லியே? இந்த லெட்டரை ஸ்பீட் போஸ்ட்ல போடுறேன். படிச்ச ஒடனே செய்ய வேண்டிய காரியம் ஒண்ணு இருக்கு. கடைசியில சொல்றேன், பொறுமையாப் படிங்க.

ரம்யாவுக்குப் பொம்பளப் புள்ள. இருபதாம் தேதி வலி எடுத்து, ரெண்டு நாள் படாத பாடு பட்டு, புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. இதச் சொல்லி முடிச்சாத்தான் எனக்கு மத்தது எழுத வருது.

இருபத்திரெண்டாந்தேதி சாயங்காலம். வார்டுல ரம்யா கண்ண மூட முடியாம கெடக்குறா. சுத்தி ஒறவுக்காரங்க, மாப்ள வீட்டாளுங்க, பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவங்கன்னு சந்தக்கட மாதிரி எரச்சல். புள்ள யாரு சாயல்னு ஒரு பட்டிமன்றம். அப்ப வனிதான்னு ஒரு ஆயாம்மா, திருக்கோகர்ணத்துக்காரங்க, கையில வாளியோட உள்ள வந்தாங்க. வாளியக் கீழ வச்சுட்டு, வெரல ஒதட்டுல வச்சு, ‘சத்தம்…’னு ராகமா இழுத்து டக்குனு நிறுத்துனாங்க.

வார்டே அடங்கிருச்சு அண்ணே. பக்கத்துக் கட்டில்லேருந்து கெழக்கோடி வரைக்கும் எல்லாப் பொம்பளைங்களும் வெரல வாயில வச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் ஈ பறக்குற சத்தங்கூட இல்ல. அப்பறம் அவங்க மெதுவா, ‘சத்தம் போடாதீங்க’ன்னு பாடிட்டு வாளியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

 பின்னாலேயே ஓடிப்போய், இது எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். ‘கீரனூர், குளத்தூர் பக்கத்துப் பொம்பளைங்க பேறுகாலத்துக்கு வந்தா பாடுவாங்கம்மா, கிறிஸ்துமஸ் பாட்டாம். நாங்களும் புடிச்சுக்கிட்டோம். புள்ளைக்குப் பாட ஆயிரம் பாட்டு இருக்கு, பெத்தவளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு’ன்னாங்க. அந்த எடத்துல ஏன் நிறுத்துறீங்கன்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க. ‘பாடுற பொண்ணு சத்தம் போடாதீங்கன்னு சொல்ல வந்து, அடடா நாமளே சத்தம் போடுறமேன்னு நிறுத்திக்கிடும்மா. அதுதான பாட்டே’ன்னாங்க.

அதுதான பாட்டேன்னாங்க அண்ணே. நான் பாத்ரூம் பக்கம் போய் நின்னு அழுதுட்டு வந்தேன். ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா? எங்கக்கா புள்ள பெத்து வந்தப்ப, பாக்க வாரவங்க கூட்டத்துல அது தூங்க முடியாம கெடந்துச்சுன்னு நாந்தான் ஒங்ககிட்டச் சொன்னேன். ‘அப்ப மாதாவும் அப்படித்தான கெடந்திருப்பா’ன்னு சொல்லி நீங்க அந்தப் பாட்டக் கட்டுனீங்க. வார்டுல ரம்யா தூங்கிட்டா. என் மக என் பாட்டுல தூங்குறா, நான் பாடாமலே.

அப்பத்தான் ஒறச்சுச்சு, நீங்க அத வெட்டிட்டீங்களேன்னு. போனப் போட்டேன், கெடைக்கல. இருபத்தஞ்சாந்தேதி காலையில ரம்யாவ அவ மாமியாகிட்ட விட்டுட்டு பஸ் ஏறிட்டேன். போக மாட்டேன்னு சொன்ன அதே சூசைபுரத்துக்கு. கீரனூர்ல பஸ் மாறுறதுக்குள்ள லேட்டாகிப் போச்சு. நான் போய்ச் சேரும்போது பூசை முடிஞ்சு சனமெல்லாம் சுரூபம் முத்தி பண்ண வரிசையில நிக்கிது. பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு. ‘மாதா மட்டும் தூங்கட்டும்.’

மொத்தக் கோயிலும் வெரல வாயில வச்சுக்கிட்டு ‘சத்தம்…’னுட்டு நின்னுச்சு. ஸ்பீக்கர் நிக்கல. குழல் அதுபாட்டுக்கு வழவழன்னு போகுது. சனத்துக்கு ஒண்ணும் புரியல. ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க. அடுத்த வரிய யார் எப்பப் புடிக்கிறதுன்னு தெரியாம ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, கடைசியில எல்லாரும் வாய மூடிக்கிட்டாங்க. ஒரு சின்னப் புள்ள, ‘பாட்டு கெட்டுப்போச்சு’ன்னு அழுவுது. கோயில் காரியம் பாக்குற உபதேசியார் வேகமா வெளிய வந்து சாதிக் பாயப் புடிச்சுக்கிட்டாரு. ‘யாருங்க பாய் அந்த எடத்த வெட்டுனது? பழசப் போடுங்க’ங்குறாரு. பாய் மொகம் வெளிறிப்போச்சு. ஒங்க புதுசு வந்ததும் பென்டிரைவ்ல இருந்த பழசு மேலயே ஏத்திட்டாராம். பழசு இல்லவே இல்லியாம். கேசட்டுங்க எப்பவோ போயிருச்சு, ஊர்ல நாலஞ்சு பேரு போனத் தொறந்து தேடுனாங்க. இருந்தவங்களுக்கும் பழைய போனோட போயிருச்சு.

நான் கடைசி வரிசையில தூண் பக்கமா நின்னேன். யாருக்கும் என்னைய அடையாளம் தெரியல. பாய் மட்டும் பாத்தாரு, கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் அப்படியே பஸ் ஏறிட்டேன்.

அண்ணே, அத எடுத்தது ரொம்ப நல்லதுன்னு எழுதுனவ நாந்தான். இப்பக் கேக்குறேன். அந்த ‘சத்தம்’ ஒங்க மகன்கிட்ட எங்கயாச்சும் இருக்கா? கேசட் நாடா அறுந்துபோச்சுன்னு எழுதுனீங்களே, அந்தத் துண்டாச்சும் இருக்கா? அது எனக்கு வேணும். அந்த சனத்துக்கு வேணும். நாளைக்கு ஊர் பூரா இந்த வழவழப் பாட்டுத்தான் இருக்கும்னு நெனச்சா சோறு எறங்கல.

ஒடனே எழுதுங்க.

திலகா


கோயம்புத்தூர்
31.12.2024

என் தங்கச்சி திலகாவுக்கு,

முதலில் தலைப்புச் செய்தி: இருக்கிறது! நீ சோறு சாப்பிடலாம்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டியில் புண் ஆறத் தாமதம், பத்து நாள் கூடுதலாகப் படுக்கப் போட்டுவிட்டார்கள். போனை மருமகள் பிடுங்கி வைத்துவிட்டாள், பேசிப் பேசியே ரத்த அழுத்தம் ஏறுகிறதாம். நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்தேன், மேசையில் உன் கடிதம். பேத்திக்கும் ரம்யாவுக்கும் என் ஆசீர்வாதம். ரெங்கராஜிடமும் சொல். அந்த ஆயாம்மாவுக்கு நான் சால்வை போர்த்தவேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, நடக்கக்கூடாத காலோடு வாக்கரைப் பிடித்துக்கொண்டு சந்தோஷ் அறைக்குப் போனேன். ‘டேய், எட்டாவது பாட்டில் வெட்டின துண்டை என்ன பண்ணினே?’ என்றேன். அவன் சாவகாசமாக, ‘எதையும் அழிக்க மாட்டேன்ப்பா, எல்லாம் ஒரு ஃபோல்டர்ல கிடக்கு’ என்றான். திறந்து காட்டினான். அந்த ஃபோல்டருக்கு அவன் வைத்திருக்கிற பெயர் ‘குப்பை’. அதற்குள் இருமல், நாற்காலி நகர்த்திய சத்தம், யாரோ தொண்டை செருமினது எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவில் நீ. மூலமும் முழுசாக இருக்கிறது. எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது, வாக்கர் குறுக்கே நின்றது.

அந்தத் துண்டை மட்டும் தனியாகப் போடச் சொன்னேன். நாலு விநாடி இருக்கும். ‘சத்தம்…’ என்கிறாய். மூச்சை உள்ளே இழுக்கிறாய். அதற்குச் சற்று முன்னால் ‘பட்’ என்று ஒரு சத்தம். சந்தோஷ், ‘இது என்னப்பா, யாரோ அடிக்கிற மாதிரி இருக்கு, மேளமா?’ என்றான்.

திலகா, இருபத்தேழு வருடமாக அந்தக் கேசட்டில் என் கொசுவும் இருந்திருக்கிறது. இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இரைச்சலை எடுத்ததும் நன்றாகக் கேட்கிறது. என் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மேல் பழி போட்டதையும் சொன்னேன். அவன் அந்தத் துண்டை இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். பிறகு, ‘இந்தப் பட் சத்தமும் அப்படியே இருக்கட்டும்ப்பா’ என்றான். இருக்கட்டும் என்றேன்.

தப்பு, கொசு எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து சாதிக்குக்கு அனுப்பியாயிற்று. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்று ராஜாக்கள் திருநாள், கிறிஸ்துமஸ் குடில் பிரிக்கிறதுக்கு முந்தின கடைசிப் பூசை. அன்றைக்குப் போடுவார். கூடவே ஒரு தாளும் அனுப்பியிருக்கிறேன். உபதேசியார் அதை மைக்கில் வாசிக்கவேண்டும். அதில் இருப்பது இவ்வளவுதான்: ‘எட்டாவது பாட்டில் வந்த தப்பு திலகவதியின் தப்பு அல்ல. கொசு அடிக்கக் கை தூக்கிய சார்லசின் தப்பு. அன்றைக்கு இதே கோயில் மைதானத்தில் பொய் சொன்னேன்.’

மேடையில் சொன்னதை மேடையிலேயே திருப்பி எடுக்கவேண்டும். நான் நேரில் நின்று சொல்லக் கால் விடவில்லை. நீ போய் நின்று கேட்டுக்கொள். இந்தத் தடவை நிமிர்ந்து உட்கார்.

அண்ணன்,
சார்லஸ்


விராலிமலை
7.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போயிட்டு வந்தேன். இவரு கடைய அடைச்சுட்டு, தானும் வருவேன்னு அடம்புடிச்சு கூட வந்தாரு. ‘நீ பாடுவியா?’ன்னு பஸ்ல மட்டும் எட்டுத் தடவ கேட்டாரு. இருபத்தஞ்சு வருசம் ஒரே வீட்டுல இருந்த மனுசன்கிட்ட ஒரு பாட்டக் கூட மறச்சு வச்சிருந்திருக்கேன்னு அப்பத்தான் எனக்கே வெக்கமாப் போச்சு.

பூசை முடிஞ்சதும் உபதேசியார் ஒங்க தாள வாசிச்சாரு. நான் நிமிந்து ஒக்காந்தேன், நீங்க சொன்ன மாதிரி.  வாசிச்சு முடிச்சாரு. யாரும் சிரிக்கல. ஒருத்தரு மொகத்த ஒருத்தரு பாக்குறாங்க. முன்னாடி இருந்த ஒரு அம்மா எந்திரிச்சு, ‘தப்பா? எட்டாவது பாட்டுல எந்தத் தப்பு?’ன்னு கேட்டுச்சு. உபதேசியார் வெளக்குறாரு, ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டேங்குறாங்க. ‘அந்தப் பொண்ணு வேணும்னேதான நிறுத்துச்சு’ங்குறாங்க. ‘வாத்தியாருக்கு வயசாகிப் போச்சு, என்னமோ எழுதுறாரு’ன்னு ஒரு பெரியவரு முடிச்சுட்டாரு. ஒங்க பாவ சங்கீர்த்தனத்த யாரும் காதுல வாங்கல அண்ணே, மன்னிச்சுக்கங்க.

எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்துச்சு. நான் எத நெனச்சு நெனச்சு இத்தன வருசம் மருகுனேனோ, அது இந்த ஊருக்குள்ள இல்லவே இல்ல. யாரும் அத வச்சுக்கல. நாம ரெண்டு பேருந்தான் வச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

அப்பறம் சாதிக் பாய், ‘பாடுனவங்களே வந்திருக்காங்க’ன்னு மைக்ல போட்டு ஒடச்சுட்டாரு. அவ்வளவுதான். ‘நீங்களா அது’ன்னு கையப் புடிச்சுக்கிட்டு பொம்பளைங்க விடல. ஒருத்தி, ‘மூணு புள்ளைக்கும் ஒங்க பாட்டுலதான் தூங்குனேன்’னு அழுவுறா. பாட்டுப் போட வேணாம், நீங்களே பாடுங்கன்னு மைக்கக் கையில குடுத்துட்டாங்க. மாட்டேன்னேன். இவரு வெளியில நின்னுக்கிட்டு, ‘பாடு, பாடு’ன்னு கையாட்டுறாரு, தேங்காய் ஏலம் எடுக்குற மாதிரி.

பாடுனேன் அண்ணே.

தொண்ட கரகரன்னுதான் இருந்துச்சு. மொத வரி ஒடஞ்சுபோச்சு. ரெண்டாவது வரியில சனம் சேந்துக்கிட்டதும் எனக்குத் தெம்பு வந்துருச்சு. ‘மாதா மட்டும் தூங்கட்டும்.’ மொத்தக் கோயிலும் வெரல வாயில வச்சுச்சு. ‘சத்தம்…’னு நின்னுச்சு.

நான் நிக்கல.

‘சத்தம் போடாதீங்க’ன்னு அத்தன சனமும் மூச்சு விடாம நிக்கிற நேரத்துல, தனியா, முழுசா, கணீர்னு பாடிட்டேன். அடுப்படியில, கடையில, பஸ்லன்னு மனசுக்குள்ள அந்த எடத்தச் சரியாப் பாடிப் பாடிப் பழகி வச்சிருந்தேன்ல, அது வாயில வந்து விழுந்துருச்சு. முன்வரிசையில ஒரு பொட்டப் புள்ள, நாலு வயசு இருக்கும், என்னைய மொறச்சுப் பாத்து வெரல வாயில வச்சு, ‘உஷ்’ங்குது!

கோயிலே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அதே மைதானத்துக்குப் பக்கத்துல, அதே ஊரு என்னையப் பாத்து சிரிக்கிது. நானும் சுரூபத்துக்கு முன்னாடி நின்னு வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சேன். மறுபடி மொதல்லேருந்து பாட வச்சுத்தான் விட்டாங்க. ரெண்டாந்தரம் அந்தப் புள்ளையவே பாத்துக்கிட்டு ஒழுங்கா நிறுத்துனேன்.

வீட்டுக்கு வந்ததும் ரம்யா பக்கத்துல ஒக்காந்து அவளுக்கும் பாடுனேன். பாப்பா முழிச்சுக்கிட்டு கெடந்துச்சு, ஆத்தாக்காரி தூங்கிட்டா. எங்க போன் நம்பர தாளுக்குப் பின்னாடி எழுதியிருக்கேன். போன் பண்ணுங்க, ஆனா லெட்டரும் போடுங்க.

வார கிறிஸ்துமசுக்கு ஒங்க முட்டி சரியாயிரும். வந்து எனக்கு எதுத்தாப்ல நில்லுங்க. கொசு இருந்தாலும் இல்லாட்டியும், அந்த எடத்துல மறக்காமக் கையத் தூக்குங்க.

ஒங்க தங்கச்சி,
திலகா